பழைய பெட்டி சும்மா இருக்கவில்லை

கார் ரேஸ் கேம் ஆடுகிறவர்களுக்கு இது தெரிஞ்ச காட்சிதான். கராஜுக்குள்ள போறோம். மஞ்சள் கலர் மஸ்டா ஆர்எக்ஸ்-7 நிக்குது. பார்ட்ஸ் கடையைத் திறந்தா டயர், சைலன்சர், டர்போ வரிசையில 'கம்ப்யூட்டர்'னு ஒண்ணு இருக்கு. காசைக் கட்டி பட்டனை அமுக்கினா குதிரைத்திறன் எண் மேலே ஏறுது. முடிஞ்சது, அடுத்த ரேஸ்.

நிஜத்தில் அந்தக் கம்ப்யூட்டரை, அதாவது ஆஃப்டர்மார்க்கெட் இசியுவை, வாங்கி மாட்டிய முதல் நாளில் அந்தக் காருக்கு எவ்வளவு பவர் கூடும் தெரியுமா? பூஜ்யம். பல நேரம் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் ஐடிலில் நிற்காது. புதுப் பெட்டிக்கு அந்த எஞ்சினைப் பற்றி எதுவுமே தெரியாது. நாம் சொன்னால்தான் தெரியும். நாம் தப்பாகச் சொன்னால் அதையும் அப்படியே நம்பும்.

நம்ம பசங்க ரோட்டரி எஞ்சின், டர்போ, ட்யூனிங் என்று பேசும்போதெல்லாம் விவாதம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்: "எந்த இசியு பெஸ்ட், மச்சி?" என் கருத்து, அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டியது வேறு: "கழட்டப் போற பழைய பெட்டி இத்தனை நாளா என்னென்ன வேலை பார்த்துச்சு? அதையெல்லாம் இனிமே யார் பார்ப்பாங்க?" இதற்குப் பதில் சொல்ல முடியாதவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிடுவது நல்லது. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த எஞ்சின்

நான் சொல்வது எஃப்டி என்று அழைக்கப்படும் மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7. 1991 கடைசியில் ஜப்பானில் விற்பனைக்கு வந்து 2002-ல் உற்பத்தி நின்ற கார். உள்ளே இருப்பது 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சின். 654 சிசி வீதம் இரண்டு ரோட்டர், மொத்தம் 1308 சிசி. இரண்டு டர்போ. ஆரம்பத்தில் ஜப்பான் மாடலுக்கு 255 பிஎஸ், கடைசி வடிவங்களில் 280 பிஎஸ். காரின் எடை சுமார் 1,300 கிலோதான். ஏன் பைத்தியம் பிடித்து அலைகிறார்கள் என்பது இந்த எண்களிலேயே புரியும்.

பிஸ்டன் மேலும் கீழும் போகும் கதை இங்கே கிடையாது. பக்கங்கள் புடைத்த முக்கோணம் மாதிரி ஒரு ரோட்டர், நடுவில் லேசாக இடுப்பு ஒடுங்கிய முட்டை வடிவ ஹவுசிங்குக்குள் சுற்றுகிறது. ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் நடுவில் இருக்கும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றும். ரோட்டரின் மூன்று பக்கங்களும் ஒரே நேரத்தில் வேறு வேறு வேலையில் இருக்கும். ஒன்று காற்றை இழுக்கும், ஒன்று அழுத்தும் அல்லது எரிக்கும், ஒன்று புகையை வெளியே தள்ளும்.

இந்த மூன்று அறைகளையும் பிரிப்பது முக்கோணத்தின் முனைகளில் உள்ள அபெக்ஸ் சீல். எஃப்டியில் அதன் தடிமன் 2 மில்லிமீட்டர். பிஸ்டன் எஞ்சினில் ரிங் செய்யும் வேலையை இங்கே இந்தச் சின்னப் பட்டை செய்கிறது. நம் கதையின் ஹீரோவும் பலிகடாவும் இதுதான்.

இந்தச் சீல் மஸ்டாவையே முழி பிதுங்க வைத்த விஷயம். ஃபெலிக்ஸ் வாங்கல் உருவாக்கிய இந்த எஞ்சினின் உரிமத்தை 1961-ல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடமிருந்து மஸ்டா பெற்றது. ஓட்டிப் பார்த்தால் ஹவுசிங்கின் உள்சுவரில் அலை அலையாகக் கீறல். சீல் அதிர்ந்து சுவரைச் சுரண்டியிருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பிசாசின் நகக் கீறல்'. கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பொறியாளர்கள் அதோடு மல்லுக்கட்டி, 1967-ல் காஸ்மோ ஸ்போர்ட் காரைக் கொண்டுவந்தார்கள். 1991-ல் நான்கு ரோட்டர் கொண்ட 787பி கார் லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மஸ்டா.

அதாவது ஒழுங்காகக் கவனித்தால் இந்தச் சீல் 24 மணி நேரம் முழு வேகத்தையும் தாங்கும். கவனிக்காவிட்டால்?

சீல் உடைஞ்சா என்ன ஆகும்?

நாக் பற்றி தெர்மல் இன்ஜினியரிங் பேப்பரில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருப்போம். ஸ்பார்க் கிளம்பிய பிறகு, தீ பரவி வந்து சேருவதற்கு முன்பே மூலையில் இருக்கும் கலவை தானாக வெடிப்பது. சாதாரண பிஸ்டன் எஞ்சின் லேசான நாக்கைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும். டொக்டொக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும், நாமும் திருத்திக்கொள்ளலாம்.

பூஸ்டில் ஓடும் ரோட்டரிக்கு அந்தப் பொறுமை கிடையாது. அந்த 2 மில்லிமீட்டர் பட்டை ஒரு பலமான அடியிலேயே உடையலாம். உடைந்த துண்டு சும்மா கிடக்காது. ஹவுசிங் சுவரைக் கிழிக்கும். பிறகு எக்ஸாஸ்ட் வழியாக வெளியே பறந்து, டர்போவின் டர்பைன் சக்கரத்தில் அடிக்கும். ஒரு வினாடிக்கும் குறைவான தப்பு; எஞ்சின், ஹவுசிங், டர்போ மூன்றும் காலி.

அந்த ஒரு வினாடிக்குள் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுவோம். ஒவ்வொரு ரோட்டரும் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை எரிக்கும். இரண்டு ரோட்டர், 7000 ஆர்பிஎம் என்றால் நிமிடத்துக்கு 14,000 எரிப்பு. வினாடிக்கு 233. டாஷ்போர்டில் ஒட்டிய கேஜில் முள் தப்பான பக்கம் போவதைக் கண் பார்த்து, மூளைக்குப் போய், கால் ஆக்ஸிலரேட்டரை விட அரை வினாடி என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 116 எரிப்பு முடிந்திருக்கும். "நான் கேஜைப் பார்த்துக்கிட்டே ஓட்டுவேன்" என்று சொல்கிறவர்களிடம் இந்த எண்ணைக் காட்டுங்க.

பழைய பெட்டி என்னென்ன செஞ்சுது?

சரி, கம்பெனி கொடுத்த இசியு அப்படி என்னதான் செய்தது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, பெட்ரோல். எஃப்டியில் நான்கு இன்ஜெக்டர். நிமிடத்துக்கு 550 சிசி விடும் பிரைமரி இரண்டு, 850 சிசி விடும் செகண்டரி இரண்டு. மெதுவாகப் போகும்போது பிரைமரி மட்டும் வேலை செய்யும். லோடு ஏறும்போது செகண்டரியும் சேரும். அந்தச் சேரும் கணத்தில் கலவை தடுமாறாமல் பார்த்துக்கொண்டது அந்தப் பெட்டி.

இரண்டு, இக்னிஷன். ரோட்டரியின் எரிப்பு அறை நீளமாக, தட்டையாக, நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு ப்ளக் போதாது. ஒரு ரோட்டருக்கு லீடிங், டிரெய்லிங் என்று இரண்டு ப்ளக். லீடிங் முதலில் அடிக்கும், டிரெய்லிங் சில டிகிரி தாமதமாக அடிக்கும். இரண்டுக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளிக்கு ஸ்ப்ளிட் என்று பெயர். பிஸ்டன் எஞ்சின் மட்டும் ட்யூன் பண்ணிப் பழகியவருக்கு இப்படி ஒரு எண் இருப்பதே தெரியாமல் போகலாம்.

மூன்று, டர்போ. எஃப்டியின் இரண்டு டர்போவும் சீக்வென்ஷியல் முறையில் ஓடுபவை. கீழ் ஆர்பிஎம்மில் ஒன்று மட்டும் பூஸ்ட் கொடுக்கும். சுமார் 4500 ஆர்பிஎம்மில் இரண்டாவதும் சேரும். இந்த மாற்றத்தைச் செய்ய ஒரு கூடை சாலினாய்டு, இடியாப்பம் மாதிரி சிக்கிக் கிடக்கும் வேக்யூம் ஹோஸ். ஆங்கிலத்தில் இதை எலிக்கூடு என்றுதான் செல்லமாகச் சொல்வார்கள். எல்லாவற்றையும் ஆட்டி வைத்தது அந்தப் பெட்டிதான்.

நான்கு, ஆயில். பலரும் மறக்கும் இடம் இது. ரோட்டரி எஞ்சின் வேண்டுமென்றே கொஞ்சம் ஆயிலை எரிக்கும். அபெக்ஸ் சீலுக்கு வழுவழுப்பு வேண்டுமே! எஃப்டியில் அந்த ஆயில் பம்ப் எவ்வளவு விட வேண்டும் என்பதை முடிவு செய்ததும் இசியுதான். எல்லா ஆஃப்டர்மார்க்கெட் பெட்டியும் இந்தப் பம்பை ஓட்டாது. ஓட்டாத பெட்டியை மாட்டினால் ஒவ்வொரு தடவையும் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பழைய டூ-ஸ்ட்ரோக் ஆட்டோவுக்கு பங்க்கில் 2டி ஆயில் கலந்து போடுவார்களே, அதே கதை. ஒரு நாள் மறந்தால் வண்டி எந்த எச்சரிக்கையும் கொடுக்காது. நன்றாகத்தான் ஓடும். சீல் மட்டும் உள்ளே காய்ந்துகொண்டிருக்கும்.

ஐந்து, மறுப்பு. பூஸ்ட் எல்லை தாண்டினால் பெட்ரோலை வெட்டி வண்டியைத் திணறடிக்கும். ஓட்டுகிறவருக்குக் கோபம் வரும். "இந்த ஃப்யூயல் கட்டைத் தூக்கணும்" என்பதுதான் பலரும் இசியு மாற்றச் சொல்லும் முதல் காரணம். யோசித்துப் பாருங்க, வீட்டில் அடிக்கடி ஃப்யூஸ் போகிறது என்று ஃப்யூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றி வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அப்போ ஏன் மாத்தணும்?

இதுவரை படித்துவிட்டு, நான் ஸ்டாக் பெட்டியே தெய்வம் என்று சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்ற நிலை நிஜமாகவே வரும்.

ஒருவர் எஃப்டியில் பெரிய எக்ஸாஸ்ட் குழாய் மட்டும் மாட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். புகை சுலபமாக வெளியேறுவதால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றும். வேஸ்ட்கேட்டால் தாக்குப் பிடிக்க முடியாமல், யாரும் கேட்காமலே பூஸ்ட் ஏறும். ஸ்டாக் பூஸ்ட் சுமார் 10 பிஎஸ்ஐ. அதற்காக எழுதிய மேப் இந்தப் புது நிலைமையைப் பார்த்ததே இல்லை. இங்கே பழைய பெட்டியை வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான் ஆபத்து. தவிர, அதற்கு வயசு ஆயிற்று. முதல் எஃப்டிகள் 30 வருஷத்தைத் தாண்டிவிட்டன. உள்ளே என்ன நடக்கிறது என்று பதிவு செய்து காட்டும் வசதியும் அதில் இல்லை.

புதிய இசியுவின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. அது பார்க்கும், எழுதி வைக்கும், கேட்டால் காட்டும். பெட்ரோல் பிரஷர் குறைந்தால், ஆயில் பிரஷர் விழுந்தால், கலவை லீன் ஆனால், அந்த 116 எரிப்புக்குக் காத்திருக்காமல் உடனே பூஸ்டைக் குறைக்கும் அல்லது எஞ்சினை வெட்டும். ஆனால் இதற்கெல்லாம் சென்சார் மாட்ட வேண்டும், எல்லைகளை நாம் எழுத வேண்டும். பெட்டிக்கு லட்சங்களில் செலவு செய்துவிட்டு, ஃப்யூயல் பிரஷர் சென்சாருக்குக் காசு இல்லை என்று சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. பவருக்காக மட்டும் மாட்டுகிறோம் என்றால், அந்தப் பெட்டியின் பாதியைக்கூட நாம் வாங்கவில்லை என்று அர்த்தம்.

பிராண்ட் சண்டைக்கும் ஒரு வரி. ஸ்டாக் சாக்கெட்டிலேயே குத்திக்கொள்ளும் அபெக்ஸி பவர் எஃப்சி, ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க், சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு மெகாஸ்க்விர்ட், ஆர்டுயினோவை வைத்துச் செய்யும் ஸ்பீடுயினோ என்று வரிசை பெரிது. எல்லாவற்றிலும் நல்ல எஞ்சினும் ஓடியிருக்கிறது, எஞ்சின் செத்தும் இருக்கிறது. உட்கார்ந்து அளந்தவர் யார், அளக்காமல் அமுக்கினவர் யார் என்பதுதான் வித்தியாசம்.

பென் டிரைவில் வந்த மேப்

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. ரோட்டரியை நான் தொட்டதில்லை. ஆனால் இதே தப்பை ஒற்றை சிலிண்டர் பைக் எஞ்சினில் செய்திருக்கிறேன்.

இரண்டாம் வருஷம். எங்கள் ஸ்டூடண்ட் ஃபார்முலா காரில் ஆஃப்டர்மார்க்கெட் இசியு. ட்யூன் பண்ண நேரம் இல்லை. போன பேட்ச் சீனியர் ஒரு பென் டிரைவ் கொடுத்தார். அதே எஞ்சின், அதே இன்ஜெக்டர், ஓடிக்கொண்டிருந்த மேப். லோடு பண்ணினோம், உடனே ஸ்டார்ட் ஆனது. கை தட்டினோம். வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் டப்பாவிலேயே இருந்தது. எக்ஸாஸ்டில் அதை மாட்ட ஒரு நட்டு வெல்டிங் பண்ண வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டோம்.

இரண்டு ரவுண்டு நன்றாக ஓடியது. மூன்றாவது ரவுண்டு, நேர்ப்பாதையில் முழு த்ராட்டில். சத்தம் மாறியது, வெள்ளைப் புகை, நின்றுவிட்டது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில் உருகிய ஓட்டை.

காரணம் மேப் அல்ல. பழைய காரில் ஃப்யூயல் பிரஷர் 3 பார். எங்கள் காரில் நாங்கள் மாற்றிய ரெகுலேட்டர் 2 பாருக்கு மேல் நிற்கவில்லை. யாரும் கேஜ் வைத்துப் பார்க்கவில்லை. இன்ஜெக்டர் வழியாகப் போகும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 2-ஐ 3-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்க, 0.82 வரும். ஆக 18 சதவீதம் பெட்ரோல் குறைவு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் நாங்கள் எல்லோரும் பாஸ் பண்ணிய கணக்குதான் இது.

எனக்கு இன்னும் உறுத்துவது அந்த எஞ்சின் இல்லை. ஓட்டின ஜூனியர், தான்தான் ஏதோ தப்பா கியர் போட்டுட்டோம்னு நினைச்சு ஒரு வாரம் யார்கிட்டயும் சரியா பேசல. அவன் நாங்கள் கொடுத்த வண்டியை நம்பி ஓட்டினான். தப்பு எங்களுடையது. பழைய காரிலிருந்து ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டோம், அந்த ஃபைல் எதை நம்பி எழுதப்பட்டது என்று கேட்கவில்லை.

லேப்டாப்பைத் திறக்கிறதுக்கு முன்னாடி

ஆகவே எஃப்டியில் ஒருவர் இசியு மாற்றப் போகிறார் என்றால், என் வரிசை இப்படி இருக்கும்.

முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட். சாதாரண கேஜ் மூன்று பக்கங்களில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்துக்கொள்ளும். ஒரு சீல் போயிருந்தாலும் தெரியாது. ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று பக்கங்களையும் தனித்தனியாகக் காட்டும் ரோட்டரி டெஸ்டர் வேண்டும். ஏற்கெனவே நோயாளியான எஞ்சினுக்கு மேப் மருந்து ஆகாது.

அடுத்து கிரவுண்ட் வயர், சென்சார், ஃப்யூயல் பிரஷர். பிறகு டைமிங் லைட். இசியு திரையில் காட்டும் டிகிரியும் புல்லியில் தெரியும் டிகிரியும் ஒன்றா என்று கண்ணால் பார்க்க வேண்டும். 7000 ஆர்பிஎம்மில் ஷாஃப்ட் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் சுமார் 24 மைக்ரோ வினாடி. கிராங்க் சென்சார் அமைப்பில் தப்பு இருந்தால், திரையில் எல்லாம் அழகாக இருக்கும், எஞ்சினுக்குள் ஸ்பார்க் வேறு இடத்தில் அடித்துக்கொண்டிருக்கும்.

அப்புறம் இன்ஜெக்டரின் டெட் டைம். மின்சாரம் கொடுத்ததும் இன்ஜெக்டர் அந்த நொடியே திறந்துவிடாது. ஒரு மில்லி வினாடி அளவுக்கு எடுத்துக்கொள்ளும். பேட்டரி வோல்ட் குறைந்தால் இன்னும் கூடும். பெரிய இன்ஜெக்டர், ஐடிலில் மொத்தமே 2 மில்லி வினாடி திறக்கிறது என்றால், டெட் டைமில் 0.2 தப்பு வந்தாலே பெரிய தடுமாற்றம். "ஐடில் வரமாட்டேங்குது மச்சி, மேப் சரியில்லை" என்று பலர் வாரக்கணக்கில் மேப்போடு சண்டை போடுவது இதனால்தான்.

கடைசியாக வெப்பநிலை சென்சார். எஃப்டி போன்ற கார் உள்ளே போகும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. மேனிஃபோல்டின் பிரஷரையும் காற்றின் வெப்பநிலையையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. ப்ளஸ் டூவில் படித்த பிவி = என்ஆர்டி, அவ்வளவுதான். இப்போது சென்சார் சூடான உலோகத்தில் உட்கார்ந்து 60 டிகிரி காட்டுகிறது, நிஜக் காற்று 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 303-ஐ 333-ஆல் வகுத்தால் 0.91. காற்று 9 சதவீதம் குறைவு என்று இசியு நம்பும், பெட்ரோலையும் அந்த அளவுக்குக் குறைக்கும். பூஸ்டில் 11.0 என்று நாம் வைத்த காற்று-எரிபொருள் விகிதம் 12.1 ஆகிவிடும். டர்போ ரோட்டரிக்கு அது போகக் கூடாத ஊர். மேப்பில் ஒரு எண்ணைக்கூட யாரும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் மேப். முதலில் ஐடில், பிறகு பூஸ்ட் இல்லாத மிதமான ஓட்டம், பிறகு குறைந்த பூஸ்ட். ஒவ்வொரு படியிலும் லாக்கை இறக்கிப் படிக்க வேண்டும். பெட்ரோல் பக்கம் தாராளமாக, இக்னிஷன் பக்கம் கஞ்சத்தனமாக ஆரம்பிக்க வேண்டும். இன்ஜெக்டர் எல்லையையும் பார்க்கணும். ஸ்டாக் நான்கும் சேர்ந்து நிமிடத்துக்கு 2800 சிசி. அதில் 85 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்ல பழக்கம், அதாவது 2380. அதற்கு மேல் தேவைப்பட்டால் மேப்பில் எந்த எண் போட்டாலும் பெட்ரோல் வராது. வாளி காலியானால் குழாயைத் திருகி என்ன பயன்?

"ஆட்டோ ட்யூன் இருக்கே?"

இதைக் கண்டிப்பாக யாராவது கேட்பீர்கள். வைட்பேண்ட் பார்த்து இசியுவே திருத்திக்கொள்ளாதா? திருத்தும். ஐடிலிலும், சீராக ஓடும்போதும் அருமையாக உதவும். ஆனால் இரண்டு விஷயம். வைட்பேண்ட் சொல்வது எப்போதும் முடிந்த கதை. எரிந்து வெளியே வந்த பிறகுதான் அது பார்க்கும். இரண்டாவது, இரண்டு ரோட்டரின் புகையும் கலந்த பிறகு சென்சார் இருந்தால் அது காட்டுவது சராசரி. ஒரு ரோட்டர் 10.5, இன்னொன்று 12 என்று ஓடினாலும் திரையில் 11.2 என்று சாதுவாக நிற்கும். கிளாஸ் ஆவரேஜ் நல்லா இருக்கிறது என்பதற்காக அரியர் வைத்தவன் பாஸ் ஆகிவிடுவானா?

"இவ்வளவு பண்ணணும்னா யார்தான் காரை மாடிஃபை பண்ணுவாங்க?" என்று இன்னொரு கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. பிழை செய்துதானே கற்றுக்கொள்கிறோம்? ஆமாம். ஆனால் எந்தப் பிழையிலிருந்து கற்கலாம் என்பதும் தேர்வுதான். ஐடில் தடுமாறுவதிலிருந்து கற்கலாம், குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பதிலிருந்து கற்கலாம். எஃப்டி உற்பத்தி நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நல்ல ஹவுசிங் ஒவ்வொன்றும் இனி குறையத்தான் போகிறது. உடைத்துக் கற்பதற்கு அது பொருள் அல்ல.

நமக்கு என்ன?

நம்மில் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒரு எஃப்டியைத் தொடப் போவதில்லை. ஆனால் ஏதோ ஒரு பழைய பெட்டியைக் கழட்டிவிட்டுப் புதுசு வைக்கும் வேலை நமக்கு நிச்சயம் வரும். ஆலையில் பழைய ரிலே பேனலை எடுத்துவிட்டுப் புது கன்ட்ரோலர் வைப்போம். கம்பெனியில் யாரோ எப்போதோ எழுதிய கோடை அழித்துவிட்டுப் புதுசு எழுதுவோம். "இந்தக் கண்டிஷன் எதுக்குன்னே தெரியல, தூக்கிடு" என்று அப்போது ஒருவர் சொல்வார். அந்தக் கண்டிஷன் ஒரு ஃப்யூயல் கட்டாக இருக்கலாம். ஒரு ஆயில் பம்பாக இருக்கலாம்.

அதனால் ஒரு சின்னப் பழக்கத்தை மட்டும் கேட்கிறேன். எதையும் கழட்டுவதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுங்க. பழைய பெட்டியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு வயரையும் எழுதுங்க. அது எங்கே போகிறது, என்ன செய்கிறது, நாளை முதல் அந்த வேலையை எது அல்லது யார் செய்வார்கள் என்று மூன்று கட்டம் போடுங்க. மூன்றாவது கட்டம் ஒன்று காலியாக இருந்தாலும் சாவியைத் திருப்பாதீங்க.

எங்கள் டீமில் இப்போது அந்தத் தாள் கராஜ் சுவரில் ஒட்டியிருக்கிறது. ஓட்டை விழுந்த பிஸ்டனும் பக்கத்திலேயே தொங்குகிறது. இந்த வருஷம் சேர்ந்த பசங்க முதல் நாள் கேட்கும் கேள்வி "எந்த இசியு வச்சிருக்கீங்க அண்ணா?" என்பதுதான். நாங்கள் பிஸ்டனைக் கழட்டிக் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஜூனியரைத்தான் பதில் சொல்லச் சொல்வோம். இப்போது அவன்தான் எங்கள் ட்யூனர்.